தம்புசாமிக்கு விற்ற மெஷின்

விடியும்போது இரும்பு சில்லென்றிருக்கும். முதல் நாள் லேத்திலிருந்து இறக்கிய தண்டுகளை அந்தக் குளிரோடு மடியில் சாத்திக்கொண்டு, விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை அரத்தால் தேய்த்து எடுப்பது என் வேலை. பிசிறு கண்ணுக்கு அகப்படாது. விரலை ஓட்டித்தான் தேட வேண்டும். விரலைக் கிழித்த பிறகுதான் அது இருக்குமிடம் தெரியும். கிள்ளான் காப்பார் சாலையில் பள்ளிப் பேருந்துகள் ஓட ஆரம்பிக்கும்போது என் விரல்களில் புதிதாகச் சில கீறல்கள் விழுந்திருக்கும். மெஷினிலிருந்து தெறிக்கும் எண்ணெய்த் தண்ணீர் அதில் பட்டால் சுரீரென்று எரியும். எரிந்தால் எரியட்டும் என்று அடுத்த தண்டை எடுப்பேன்.

எனக்கு இடப்பக்கம் நாகையா அண்ணனின் லேத். வலப்பக்கம் தம்புசாமியின் மில்லிங் மெஷின். பின்சுவரோரம் ஒஸ்மான் வெல்டிங் வைப்பான். ஒஸ்மான் மலாய்க்காரன்தான், ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான். நான் சீதாலெட்சுமி. என்னை எல்லோரும் அக்கா என்பார்கள், என்னைவிட மூத்த நாகையா அண்ணன் உட்பட. வாய் நீளம் என்று அதற்கு அர்த்தம்.

எங்கள் பட்டறையில் ஒரே சாமானை இரண்டாம் முறை செய்ததாக எனக்கு நினைவில்லை. எண்ணெய்ப்பனை ஆலையில் ஒரு சக்கரத்தின் பல் உடையும். ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் ஒரு தண்டு தேயும். அந்த உருப்படி கடையில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அது வந்து சேர்வதற்குள் ஆலையைப் பூட்டிவிட வேண்டியதுதான். அதனால் உடைந்ததைச் சாக்கில் கட்டி எங்களிடம் கொண்டு வருவார்கள். அளவெடுத்து, அதேபோல ஒன்றைக் கடைந்து கொடுப்போம். ஒற்றைச் சக்கரத்துக்காக எந்த ஆலைக்காரனும் மில்லிங் மெஷின் வாங்கிப் போடமாட்டான். அந்த ஒரு காரணத்தால்தான் எங்கள் அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது.

எண்பத்தாறாம் வருஷம் பனை எண்ணெய் விலை படுத்துவிட்டது. ஆலைக்காரர்கள் தேய்ந்த தண்டையே தட்டிக் கொட்டி ஓட்டினார்கள். பட்டறைக்கு வேலை குறைந்தது. முதலில் ஓவர்டைம் போனது. பிறகு தினச் சம்பளத்திலும் கை வைத்தார்கள். முதலாளி சிவகுருநாதன் பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸ்காரர், அவர் வீட்டுத் தமிழே வேறு. அப்பா ரயில்வேயில் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர், மகன் இங்கிலாந்துக்குப் போய் இஞ்சினியரிங் படித்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சத்தம் போடாத முதலாளியிடம் கொஞ்சம் கூடுதலாகவே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஒருநாள் காலை மெஷின்களை நிறுத்தச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கோப்பி வாங்கி வைத்திருந்தார். நான் என் கோப்பியைத் தொடவில்லை.

"ஜெஞ்சாரோம் ஆலைக்காரன் ஒரு சக்கரத்துக்காக மெஷின் வாங்குறானோ? இல்லையே. எங்களிட்டக் கொண்டுவந்து செய்விக்கிறான். அவன் கெட்டிக்காரன். இனி நானும் அப்பிடித்தான். மெஷின் உங்களுக்கு. வேலையை மட்டும் நான் உங்களிட்டச் செய்விப்பன். நீங்களும் பாஸ், நானும் பாஸ். விளங்குதோ?"

விளங்கியது. மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் விலையைத் தவணையாகக் கூலியில் பிடித்துக்கொள்வார். கட்டர், எண்ணெய், கரண்ட், ரிப்பேர் எல்லாம் வாங்கியவன் தலையில். இனி மாதச் சம்பளம் கிடையாது, உருப்படிக்குத்தான் கூலி. சம்பளம் இல்லையென்றால் இபிஎஃப் என்கிற சேமநிதி இல்லை. சொக்சோவும் இல்லை. சொக்சோ என்பது வேலையிடத்தில் கை கால் போனால் நமக்குச் சோறு போடுகிற காப்புறுதி. அது தொழிலாளிக்குத்தானே, பாஸுக்கு எதற்கு?

முதல் பாஸ் தம்புசாமி. அடுத்தது நாகையா அண்ணன் என்று பேச்சு. என்னிடமிருந்தது அரம் ஒன்றுதான். அதையும் தவணையில் தலையில் கட்டிவிடுவாரோ என்று நான் கேட்டதற்கு ஒஸ்மான் மட்டும் சிரித்தான்.

தம்புசாமியைக் குறை சொல்ல மாட்டேன். செமினி பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர்களின் பிள்ளை. அவன் குடும்பத்தில் சொந்தமாக ஒரு சைக்கிளைத் தவிர எதையும் எவரும் வாங்கியதில்லை. அப்படிப்பட்டவனிடம் போய், நீ தினமும் தொட்டுத் துடைக்கிற மெஷின் உன்னுடையது என்றால் யாருக்குத்தான் தலை கிறுகிறுக்காது? கையெழுத்துப் போட்ட அன்று மெஷினின் கால்வரை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினான். மத்தியானச் சாப்பாட்டை அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் மனைவி பவுனம்மாள் கையுறைத் தொழிற்சாலையில் நிற்கிறவள். அவளைக் கூட்டிவந்து காட்டினான். அவள் மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத சாமானுக்கு எதற்குத் தவணை என்று ஒரே கேள்வி கேட்டாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்த மெஷினில் ஒரு நோய் இருந்தது. சுவிட்சை அணைத்தாலும் கட்டர் சும்மா சுற்றிக்கொண்டேயிருக்கும். அதைப் பிடித்து நிறுத்தப் பக்கத்தில் ஒரு பிரேக் கைப்பிடி உண்டு. அதன் உள்ளே இருக்கும் கட்டை தேய்ந்து போயிருந்தது. முன்னாலெல்லாம் இப்படித் தேய்ந்தால் முதலாளி முணுமுணுத்துக்கொண்டாவது மாற்றிக் கொடுப்பார். இந்த முறை தம்புசாமி போய்ச் சொன்னபோது, மெஷின் உம்முடையதுதானே என்று புன்னகையோடு திருப்பியனுப்பினார். தவணை போக மிஞ்சியதில் அரிசி வாங்குவதா, பிரேக் கட்டை வாங்குவதா? அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தம்புசாமி ஒத்திப்போட்டான். அதற்கடுத்த மாதமும் அதையேதான் சொன்னான்.

இப்படியிருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

வழக்கமாக முதலாளிதான் மாலை வாங்கித் தருவார், எல்லா மெஷினுக்கும் ஒரே அளவில், கைக்குட்டை நீளத்தில். இந்த வருஷம் தம்புசாமி தெங்கு கிளானா சாலைப் பூக்கடையில் தன் மெஷினுக்கென்று தனியாகச் செவ்வந்தி மாலை கட்டச் சொல்லியிருந்தான். மாப்பிள்ளை மாலைபோல அவ்வளவு கனம். அதை மெஷினின் தலையில் சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டிக் கற்பூரம் காட்டினோம். பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை தொடக்கூடாது, சாத்திய மாலையைக் கழற்றக்கூடாது என்பது நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கட்டளை. சுண்டலும் பொரியும் கொடுத்து முடிந்ததும் நாகையா அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பாத்திரம் கழுவ நான் தங்கினேன். ஒஸ்மானும் தம்புசாமியும் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உச்சி வெயிலில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து முதலாளி. தம்புவைக் கூப்பிடச் சொன்னார். அந்தப் பழைய போனில் பேசுவது பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கும். ஜெஞ்சாரோம் ஆலையில் இரண்டு தண்டுகளை இணைக்கிற இரும்பு உடைந்துபோய் ஆலை நிற்கிறதாம், பழம் முற்றத்தில் அழுகுகிறதாம், அளவு இதுதானாம், சாமானை எடுத்துப்போக லோரி வந்துகொண்டிருக்கிறதாம், சாயங்காலத்துக்குள் வேண்டுமாம். இன்றைக்குப் பூஜையாச்சே பாஸ் என்று தம்புசாமி இழுத்தான்.

"மெஷின் உம்முடையது, தம்பு. செய்யிறதும் விடுறதும் உம்முடைய இஷ்டம். நீர் செய்யாட்டி அந்த ஆலை வேலை முழுக்க வேற பட்டறைக்குப் போகும். பிறகு தவணைக்கு என்ன செய்வீர்?"

தம்புசாமி போனை வைத்துவிட்டு மெஷினிடம் வந்தான். பிறகு சாமியைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மாலையைக் கழற்ற அவனுக்கு மனம் வரவில்லை. கழற்றாமல் மேலே சுருட்டி, கம்பியால் கட்டிவிட்டு மெஷினைப் போட்டான். மாலையோடு மெஷினை ஓட்டினான் என்று கேட்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும், அந்த இடத்தில் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம் என்று.

பாதி வேலையில் மெஷினின் அதிர்வில் கம்பி தளர்ந்தது. மாலை சரிந்து கட்டரில் விழுந்தது. பூக்கட்டிய நைலான் கயிறு சுற்றிக்கொண்டது. செவ்வந்தி இதழ்கள் பட்டறை முழுக்கப் பறந்தன. தம்புசாமி சுவிட்சை அணைத்தான். பல வருஷப் பழக்கத்தில் இடக்கை பிரேக்கை இழுத்தது, வலக்கை மாலையைக் காப்பாற்றப் போனது. பிரேக்கை இழுத்தால் கட்டர் நின்றுவிடும் என்றுதான் அந்தக் கைக்குத் தெரியும். கட்டை தேய்ந்தது கைக்குத் தெரியாது.

அவன் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். ஒஸ்மான் தன் சட்டையைக் கிழித்துச் சுற்றி, வந்து நின்ற ஜெஞ்சாரோம் லோரியிலேயே அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

மறுநாள் முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பூஜை நாளில் ஆயுதத்தைத் தொட்டது பெரிய பிழை, இனியாவது கோயிலுக்கு ஏதாவது நேர்ந்துகொள்ளும் என்று தம்புசாமிக்குப் புத்தி சொன்னாராம். இங்கிலாந்தில் இஞ்சினியரிங் படித்தவர் சொன்ன காரணம் இது. பட்டறைக்கு வந்து எங்களிடம் வேறு மாதிரிச் சொன்னார். தொழிலாளர் இலாகாவிலிருந்து விசாரிக்க வருவார்கள், தம்பு இப்போது என் ஆள் இல்லை, சொந்த மெஷின், சொந்த விருப்பத்தில் லீவு நாளில் ஓட்டினான், நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும் என்றார். போகிறபோது நாகையா அண்ணனின் தோளைத் தட்டி, லேத் விஷயத்தை இந்த மாதமே முடித்துவிடலாம் என்றார்.

தம்புசாமி தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டால் சொக்சோ அவனுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்கும். அவன் பேரில் சந்தா பிடித்துக் கட்டாமல் விட்டதற்கு முதலாளி பதில் சொல்ல வேண்டி வரும். இல்லை, அவன் பாஸ்தான் என்றாகிவிட்டால் விரல் இல்லாத கையும் தவணையும்தான் மிச்சம். இரண்டில் எது என்பது எங்கள் வாயில் இருந்தது. ஆனால் அந்த வாய்க்கும் சோறு வேண்டுமே என்கிற பயம்தான் எல்லோருக்கும். நாகையா அண்ணன் யாருடைய முகத்தையும் பார்க்காமல் லேத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் 'நாகையா லேத் வொர்க்ஸ்' என்று போர்டுக்கே சொல்லிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கும் இது முதலும் கடைசியுமான ஆசை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்புசாமி கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான். நாகையா அண்ணனைப் பார்த்ததும் முதலில் மெஷினைத்தான் விசாரித்தான். கட்டரைத் துடைத்து எண்ணெய் போட்டீர்களா, துருப்பிடித்துவிடும் என்றான். தவணை தவறினால் பாஸ் மெஷினை எடுத்துக்கொள்வாராம், இடக்கையால் ஓட்டிப் பழகினால் முடியுமா என்று கேட்டான்.  பிறகு, ஆபீசர் வந்தால் தப்பு என்னுடையது என்றுதான் சொல்லப்போகிறேன், சாமி குத்தத்துக்கு யாரைக் குறை சொல்வது என்றான்.

பவுனம்மாள் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"கைய சாமி எடுத்துச்சுன்னே வச்சுக்குவோம். அந்தப் பிரேக் கட்டைய தேய விட்டது எந்தச் சாமி? லீவு நாள்ல போன் அடிச்சது எந்தச் சாமி? நம்ம சாமிக்குப் பிரிக்பீல்ட்ஸ்ல போன் இருக்கா?"

 பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கிழவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பவுனம்மாளின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒஸ்மானைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்ததே அவள்தான் என்பது அப்போதுதான் எனக்கும் நாகையா அண்ணனுக்கும் தெரிந்தது. நாகையா அண்ணன் தம்புசாமியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.  திரும்பிவந்து பேருந்தை விட்டு இறங்கும்போது, கை மாட்டாமல் காக்கிற லேத் மூடி உடைந்து எத்தனை வருஷமாச்சு அக்கா என்று என்னைக் கேட்டார்.

தம்புசாமியை வீட்டுக்கு அனுப்பிய வாரத்தில் ஆபீசர் வந்தார். இளவயசு மலாய்ப் பெண். முதலாளி நாற்காலி போட்டார், குளிர்பானம் வரவழைத்தார், மெஷின் விற்ற ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். ஆபீசர் அதைப் படித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, இந்த மெஷின் யாருடையது என்று கேட்டார். முதலாளி நாகையா அண்ணனைப் பார்த்தார். எங்களில் மூத்தவர், அவர்தான் பதில் சொல்ல வேண்டும். லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். மலாயில்தான் பேசினார். எங்களுக்குள் அவர் பேசுகிற தமிழில் எழுதுகிறேன், புவான் என்றால் அம்மா.

"காகிதத்துல தம்புவுதுன்னுதான் இருக்கும் புவான். நீங்க அதக் கேக்காதீங்க. வேலைய யாரு குடுத்தா, எப்ப முடிக்கணும்னு யாரு சொன்னா, வேற ஆளுக்கு ஒரு வேலையாச்சும் அவன் செய்ய முடியுமா, அதக் கேளுங்க. சொந்த மெஷின் வச்சிருக்கறவன் பூசைக்கு ஒரு நாளு லீவு எடுக்க மாட்டானா?"

போனில் கேட்டதை ஒரு சொல் விடாமல் நான் சொன்னேன். பிரேக் கட்டையைக் கழற்றிக் காட்டினான் ஒஸ்மான். பவுனம்மாள் தம்புசாமியைக் கூட்டிவந்திருந்தாள். அவன் மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டு, வேலை போய்விடும் என்று பயந்துதான் ஓட்டினேன் என்றான். ஆபீசர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முடிவு சொல்ல நாளாகும் என்றார். எங்கள் பக்கம்தான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவர் கார் திரும்பியதும் முதலாளி அதே மெல்லிய குரலில் கேட்டார்.

"நாகையா, நீர் லேத்தை யோசிச்சுத்தான் பேசினீரோ?"

"லேத்து உங்ககிட்டயே இருக்கட்டும் பாஸ். எனக்குச் சம்பளம் போதும். மூடியோட."

நாளையிலிருந்து ஒருவரும் வரத் தேவையில்லை என்றார் முதலாளி. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. மறுநாள் விடியற்காலையில் வழக்கமான நேரத்துக்கே வந்தோம். உள்ளே போகாமல், பட்டறை வாசலில் எண்ணெய் டின்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். தம்புசாமியும் வந்து உட்கார்ந்தான். பழைய சம்பளம், சொக்சோ, தம்புவுக்கு வேலை. இவ்வளவுதான் நாங்கள் கேட்டது. கை மடியில் சும்மா கிடந்தது எனக்கு என்னவோபோலிருந்தது.

முதலாளி எங்களைத் தாண்டி உள்ளே போனார். தவணை தவறியதால் மில்லிங் மெஷின் அவருக்கே திரும்பிவிட்டது, லேத் இருந்தது, கரண்ட் இருந்தது. அன்றைக்கென்று பார்த்து பக்கத்து ஊர் மேருவிலிருந்து ஒரு ரப்பர் தொழிற்சாலைக்காரன் பல் உடைந்த தண்டைக் கொண்டுவந்து இறக்கினான். முதலாளிக்கு அது பெரிதாகப் படவில்லை. பட்டறைகளுக்கா பஞ்சம்? கொண்டுபோய்ச் செய்வித்தால் போகிறது. தொழிற்சாலை ஆட்களை வைத்தே தன் காருக்குள் அதை ஏற்றினார்.

முதலில் பக்கத்து வரிசையில் சீனன் பட்டறைக்குப் போனார். அங்கே மில்லிங் ஓட்டுகிறவன் ஆ செங். அவன் முதலாளி, அந்தத் தவுக்கே, சரியென்று தலையாட்டினாராம். ஆ செங் தண்டைச் சுற்றிப் பார்த்தான். எங்கிருந்து வருகிறது என்று கேட்டான். பிறகு மெஷின் ரோசாக், கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு மோட்டாரின் மூடியைக் கழற்றிக் கீழே வைத்தான். அடுத்த பட்டறையில் கட்டர் உடைந்திருந்தது. அதற்கடுத்ததில் பியூஸ் போயிருந்தது. ஷா ஆலம்வரை போனாராம். அங்கேயும் எங்கள் தோட்டத்துப் பையன்கள்தானே நிற்கிறார்கள். தம்புசாமியின் கை விஷயம் அவர் காருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைக்கு அவர் நுழைந்த பட்டறையிலெல்லாம் மில்லிங் மெஷின்கள் ஒன்றுபோலக் கெட்டுப் போயிருந்தன.

இதையெல்லாம் மாலையில் ஆ செங்தான் வந்து சொன்னான். வேலை முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்திருந்தான். அவன் தவுக்கேயும் அடுத்த மாதம் மெஷினை அவனுக்கே விற்கப்போகிறாராம். அதைச் சொல்லிவிட்டு எங்களோடு உட்கார ஒரு டின்னைத் தேடினான். அவனுக்குப் பின்னால் வார்ப்புப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். யாரென்றே தெரியாத சிலரும் வந்தார்கள். டின் போதவில்லை, தரையில் உட்கார்ந்தார்கள். ஆபீசரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. நாளைக்கு உலையில் போட என் வீட்டில் அரிசி இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், அந்த மாலையில் எனக்குப் பயமாக இல்லை.

வெளிச்சம் மங்கும்போது முதலாளியின் கார் வந்து நின்றது. பின்பக்கம் கனத்தில் தாழ்ந்திருந்தது. இறங்கினார். பின்மூடியைத் திறந்தார். தண்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. கோட்டைக் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டு மறுபடியும் தூக்கிப் பார்த்தார். அது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தூக்குகிற தண்டு. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் ஒஸ்மானின் முழங்கால் அசைந்தது. தம்புசாமி தன் இடக்கையை அதன்மேல் வைத்தான்.

நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.